கயிற்றை அவிழுங்கள், சான்றைச் சேருங்கள்

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது, மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெயும் வெள்ளத்தோடு கலந்தது. பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரம் வரை பரவி, வீட்டுச் சுவரிலும் படகிலும் வலையிலும் கறுப்பாக அப்பியது. எண்ணெயில் நனைந்த கூழைக்கடாக்களின் படங்களை ஊரே பார்த்தது. குப்பத்து நாய், பூனை, ஆடு, மாடுகளும் அதே தண்ணீரில்தான் நின்றன.

வெள்ளம் வருமுன்

முகாமுக்குப் போகும் அவசரத்தில் நாயையோ மாட்டையோ கட்டிப்போட்டுவிட்டுப் போகாதீர்கள். கட்டிய கயிறே அவற்றை மூழ்கடித்துவிடும். கூட்டிச்செல்ல வழியில்லை என்றால் அவிழ்த்து மேட்டில் விடுங்கள். தீனியும் தண்ணீரும் இன்றித் தவிக்கவிடுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வெறிநாய்த் தடுப்பூசியை மழைக்காலத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

வடிந்த பின்

எலி, நாய், மாடு ஆகியவற்றின் சிறுநீர் கலந்த தேங்குநீரில் வெறுங்காலோடு நடந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியோ கண் சிவப்போ இருந்தால் கைமருந்தில் நாள் கடத்தாமல், வெள்ளத்தில் நடந்ததைச் சொல்லி மருத்துவரிடம் காட்டுங்கள். நாய் கடித்தால் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கே ஊசி இலவசம்.

எண்ணெய் ஒட்டிய நாய், பூனையை மண்ணெண்ணெய் கொண்டு துடைக்கக் கூடாது; தோல் வெந்துவிடும். பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலும் வெதுவெதுப்பான நீரும் போதும். உடம்பை நக்கவிடாதீர்கள். கால்நடை அவசர ஊர்திக்கு 1962. இறந்த விலங்கை அகற்ற சென்னை மாநகராட்சியின் 1913.

இழப்பீடு

மிக்ஜாம் நிவாரணமாக, இறந்த பசு, எருமைக்கு 37,500 ரூபாய் வரையும் ஆட்டுக்கு 4,000 ரூபாய் வரையும் அரசு அறிவித்தது. நாய்க்கும் பூனைக்கும் அதில் இடமில்லை. மாடோ ஆடோ இறந்தால் புதைக்குமுன் படம் எடுத்து, அரசு கால்நடை மருத்துவரிடம் இறப்புச் சான்று வாங்கி, வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை பெறுங்கள்.

ஆலைக் கழிவால் நேர்ந்த இழப்புக்கு வழி வேறு. 2010ஆம் ஆண்டின் தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், சொத்துச் சேதத்துக்கு மட்டுமன்றிக் கறவை, உழவு மாடுகள் உள்ளிட்ட விலங்குகளுக்கு நேரும் கேட்டுக்கும் இழப்பீடு கோர இடமளிக்கிறது. அரசு நிவாரணப் பட்டியலில் இல்லாத உயிர்களுக்காகவும் தீர்ப்பாயத்தில் கேட்டுப் பார்க்கலாம். மருத்துவச் செலவு ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. வெள்ளத்தாலும் தொழிற்சாலைப் பேரிடராலும் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞர் தரும், எண் 15100.

பாதிப்பு நேர்ந்ததிலிருந்து ஐந்தாண்டுக்குள் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வேண்டும். எண்ணூர் எண்ணெய்க் கசிவுக்கு அந்தக் கெடு 2028 டிசம்பரில் முடிகிறது. சான்று வைத்திருப்பவர்கள் இப்போதே கிளம்புங்கள்.