வடக்கே இல்லாத இடத்தில் விமானம் ஓட்டுவது எப்படி?



முதலில் ஒரு கேள்வி. வட துருவத்தில் சரியாக நடுப்புள்ளியில் நீங்கள் நிற்கிறீர்கள். உங்களுக்கு முன்னால் எந்தத் திசை? பின்னால்? இடது கைப்பக்கம்?

எல்லாமே தெற்குதான்! கிழக்கும் கிடையாது, மேற்கும் கிடையாது. புவியியல் வகுப்பில் இதைக் கேட்டபோது எல்லோரும் சிரித்தோம், ஞாபகம் இருக்கா? நானும் சிரித்தேன். ஆனால் போன கோடை விடுமுறையில் அந்தத் துருவத்துப் பக்கமா நானே விமானம் ஓட்டிப் பார்த்தபோது சிரிப்பு வரலை.

பயப்படாதீங்க, நிஜ விமானம் இல்லை. என் பெரியம்மா மகள் அக்காவிடம் அரசு கொடுத்த மடிக்கணினி இருக்கிறது. அதில் ஃபிளைட்கியர் என்று இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருளை அக்கா போட்டு வைத்திருந்தார். விமானி உட்காரும் இடம் அப்படியே திரையில் வரும். பூமியில் எந்த இடத்திலிருந்தும் கிளம்பலாம். விமானம் ஓட்டுவது போலவே பழகும் இதற்குப் பெயர் ஃபிளைட் சிமுலேட்டர். எல்லோரும் அதில் ஊரைச் சுற்றிப் பார்ப்பார்கள். அக்காவோ, "பழைய காலத்தில் முதன்முதலாகப் பறந்த பாதை ஒன்றை அப்படியே பறந்து பார்ப்போமா?" என்று கேட்டார். அப்படி ஆரம்பித்ததுதான் இது.

அந்தப் பாதையின் கதை என்னவென்றால், ஸ்வீடன், நார்வே, டென்மார்க் மூன்றும் சேர்ந்து நடத்திய விமான நிறுவனம் எஸ்.ஏ.எஸ். அது 1954 நவம்பர் 15-ஆம் தேதி டென்மார்க்கின் கோபன்ஹேகனுக்கும் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் இடையே வடக்கு வழியாக வழக்கமான பயணிகள் விமானத்தைத் தொடங்கியது. நடுவில் கிரீன்லாந்திலும் கனடாவின் வின்னிபெக்கிலும் இறங்கி எண்ணெய் போட்டுக்கொள்ளும். இதற்குத் துருவப் பாதை என்று பெயர் வைத்தாலும் உண்மையில் இது துருவத்தைத் தொடவில்லை, கிரீன்லாந்தோடு சரி.

நிஜமாகத் துருவத்துப் பக்கம் போனது அடுத்த பாதைதான். 1957 பிப்ரவரி 24-ஆம் தேதி கோபன்ஹேகனிலிருந்து அலாஸ்காவில் உள்ள ஆங்கரேஜ், அங்கிருந்து ஜப்பானின் டோக்கியோ. விமானம் டி.சி-7சி. நான்கு விசிறி எஞ்சின் உள்ளது, ஜெட் கிடையாது.

டோக்கியோ கிழக்கே இருக்கிறது, இவர்கள் ஏன் வடக்கே போனார்கள்? நேர் வழி ரஷ்யாவின் சைபீரியா மேலே போகிறது. அப்போது அது சோவியத் யூனியன். மேற்கு நாட்டு விமானங்கள் அதன் மேலே பறக்க முடியாது. அதனால் மத்திய கிழக்கு, தெற்கு ஆசியா என்று கீழே சுற்றிக்கொண்டு போக வேண்டும். 50 மணி நேரத்துக்கு மேல் ஆகும். வடக்கு வழியில் சுமார் 32 மணி நேரம்தான் ஆனது.

சுவர் வரைபடத்தில் பார்த்தால் இதை நம்பவே முடியாது. நம் ஆய்வகத்தில் இருக்கும் பூமி உருண்டையை எடுத்து, கோபன்ஹேகனிலிருந்து ஆங்கரேஜுக்கு ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் தானாகவே துருவத்துப் பக்கம் ஓடும். அதுதான் குறுக்கு வழி, ஏறக்குறைய 6,900 கி.மீ.

சரி, குறுக்கு வழி கிடைத்துவிட்டது. போக வேண்டியதுதானே? அங்கேதான் வினை.

முதல் சிக்கல் காந்த ஊசி. காந்த ஊசி பூமியின் நிஜ வட துருவத்தைக் காட்டாது, காந்த வட துருவத்தைக் காட்டும் என்று படித்திருக்கிறோம். 1950-களில் அந்தக் காந்தத் துருவம் கனடாவின் வடக்குத் தீவுகளுக்குள் இருந்தது. அப்படியானால் இரண்டு துருவத்துக்கும் நடுவில் விமானம் வந்தால் ஊசியின் வடக்கு முனை தெற்கே காட்டும்! அது மட்டுமில்லை. காந்தத் துருவத்தின் கிட்டே போகப் போக காந்த இழுவை பக்கவாட்டில் இல்லாமல் கீழ்நோக்கி இருக்கும். ஊசி தரைக்குள் குத்தப் பார்க்கும், திசை காட்டாமல் தள்ளாடும்.

(இதில் எங்களுக்கு ஒரு ஏமாற்றம். காந்தத் துருவம் ஒரே இடத்தில் இருப்பதில்லை. பூமிக்குள்ளே உருகிய இரும்புக் குழம்பு ஓடிக்கொண்டே இருப்பதால் துருவமும் நகர்கிறது. இப்போது அது கனடாவை விட்டு சைபீரியா பக்கம் போய்விட்டது. அதனால் சிமுலேட்டரில் இன்றைய தேதி இருந்தால் ஊசி 1957 விமானிக்குக் காட்டிய மாதிரி நமக்குக் காட்டாது.)

சரி, காந்த ஊசியே வேண்டாம், நிஜ வடக்கை வைத்தே ஓட்டுவோம் என்று முடிவு செய்தோம். திசையை எண்ணில் சொல்வார்கள். வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. முழுப் பாதையும் ஓட்ட எங்கள் சின்ன செஸ்னா விமானத்துக்கு ஒன்றரை நாள் ஆகும். எனவே துருவத்தை ஒட்டிய துண்டை மட்டும் எடுத்துக்கொண்டோம். வடக்கு 80 டிகிரி, மேற்கு 11 டிகிரியில் ஆரம்பம். அந்தப் பக்கம் வடக்கு 80 டிகிரி, மேற்கு 129 டிகிரியில் முடிவு. சுமார் 1,900 கி.மீ. எண்ணெய் குறையாதபடி ஒரு வசதி இருக்கிறது, அதைப் போட்டோம். நேரத்தை 8 மடங்கு வேகமாக்கினோம். (இதெல்லாம் ஏமாற்று வேலைதான், ஒத்துக்கிறேன்.)

ஆரம்ப இடத்தில் திசை 328. தானியங்கியில் 328 என்று போட்டு, "இதையே பிடிச்சுக்கிட்டு போ" என்று விட்டுவிட்டு நான் முறுக்கு சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். நேராகத்தானே போகிறது, என்ன ஆகிவிடும்?

முக்கால் மணி நேரம் கழித்து அக்கா, "ஏய், இங்க வந்து பாரு" என்று கத்தினார். வரைபடத்தில் விமானம் அலாஸ்காவுக்குப் போகவே இல்லை. துருவத்துக்கே போய், செக்கு மாடு மாதிரி சுத்திக்கிட்டு இருந்தது!

விமானத்தின் மேல் தப்பே இல்லை. 328 என்றால் வடக்கிலிருந்து 32 டிகிரி இடப்பக்கம். அது எப்போதும் வடக்கைப் பார்த்து, அதற்கு 32 டிகிரி தள்ளியே போனது. துருவம் கிட்டே வரவர 'வடக்கு' இருக்கும் பக்கமே வேகமாக மாறுகிறது. விமானமும் அதற்கேற்ப வளைந்து வளைந்து போய்விட்டது.

உண்மையில் நூல் பிடித்தது போல நேராகப் போனால் திசை எண் எப்படி மாறும் என்று நாங்கள் இருவரும் கணக்குப் போட்டோம். கோபன்ஹேகனில் கிளம்பும்போது 351. வடக்கு 80 டிகிரி வரும்போது 328. துருவத்துக்கு மிக அருகில் வரும் இடத்தில் 270. அந்தப் பக்கம் 80 டிகிரிக்கு இறங்கும்போது 211. ஆங்கரேஜ் போய்ச் சேரும்போது 191. விமானி ஸ்டியரிங்கைத் திருப்பவே இல்லை, நேராகத்தான் போகிறார். ஆனால் வடக்கே பார்த்துக் கிளம்பியவர் தெற்கே பார்த்துப் போய்ச் சேருகிறார்! எந்த எண்ணை நம்பி ஓட்டுவது?

துருவப் பகுதியில் பறந்தவர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. வடக்கு நமக்கு ஒத்துவரலையா, நாமே ஒரு வடக்கை உண்டாக்கிக்கொள்வோம்!

துருவத்தை நடுவில் வைத்து வரைந்த வரைபடத்தில் தீர்க்கரேகைகள் சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் மாதிரி நடுவிலிருந்து விரியும். அந்தக் கம்பிகளை மறந்துவிட்டு, அதன் மேல் கணக்கு நோட்டு போல சதுரக் கட்டங்கள் போட்டார்கள். கட்டத்தின் நேர்கோடுகள் எல்லாம் லண்டன் கிரீன்விச் வழியாகப் போகும் 0 டிகிரி கோட்டுக்கு இணையாக இருக்கும். அந்தக் கோடுகளின் மேல்பக்கம்தான் இனிமேல் 'வடக்கு'. இதைக் கட்ட வடக்கு என்று வைத்துக்கொள்வோம். இந்த வடக்கு எந்த இடத்திலும் மாறாது.

கணக்கு ரொம்ப சுலபம். நிஜ திசை எண்ணோடு மேற்கு தீர்க்கரேகையைக் கூட்டணும். கிழக்கு தீர்க்கரேகை என்றால் கழிக்கணும். அவ்வளவுதான். எங்கள் பாதையைப் போட்டுப் பாருங்கள்.

கோபன்ஹேகன் கிழக்கு 13 டிகிரி: 351 - 13 = 338.
மேற்கு 11 டிகிரி: 328 + 11 = 339.
துருவத்துக்கு அருகில், மேற்கு 70 டிகிரி: 270 + 70 = 340.
மேற்கு 129 டிகிரி: 211 + 129 = 340.
ஆங்கரேஜ் மேற்கு 150 டிகிரி: 191 + 150 = 341.

பார்த்தீங்களா? 351-லிருந்து 191 வரை ஆட்டம் போட்ட எண், இப்போது 338-க்கும் 341-க்கும் நடுவில் சமர்த்தாக உட்கார்ந்துவிட்டது. இந்த விடைகள் வந்தபோது நான் நோட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடிப்போய் பெரியம்மாவிடம் காட்டினேன். அவங்க, "நல்லா இருக்குடி, முதல்ல தண்ணி எடுத்து வை" என்றார்கள்.

இரண்டாவது முறை அக்கா தீர்க்கரேகையைப் படித்துச் சொல்ல, நான் 340-லிருந்து அதைக் கழித்து தானியங்கியில் போட்டுக்கொண்டே இருந்தேன். துருவத்துக்கு அருகில் ஒரு நிமிடத்துக்கு இரண்டு மூன்று டிகிரி ஓடுகிறது, மூச்சுவிட நேரம் இல்லை. ஆனால் போய்ச் சேர்ந்தோம்!

எங்களுக்குத் தீர்க்கரேகை திரையிலேயே தெரிந்தது. 1957-இல் அது ஏது? செயற்கைக்கோள் ஒன்றுகூட அப்போது வானில் இல்லை. முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் அந்த வருடம் அக்டோபரில்தான் போனது. அவர்கள் நம்பியது ஒரு பம்பரத்தை. ஆமாம், பம்பரம்தான்! வேகமாகச் சுற்றும் பம்பரத்தின் அச்சு ஒரே பக்கம் பார்த்து நிற்கும். இந்தக் கருவிக்கு கைரோ என்று பெயர். கட்ட வடக்கைப் பார்த்து அதை வைத்துவிட்டால் அது அப்படியே காட்டிக்கொண்டு வரும்.

ஆனால் பம்பரம் நிற்கும்போது அடியில் பூமி சுற்றுகிறதே! 24 மணி நேரத்தில் 360 டிகிரி என்றால் துருவத்தில் மணிக்கு 15 டிகிரி. அதைக் கணக்குப் போட்டுத் திருத்திக்கொண்டே வரணும். அச்சு உராய்வினால் வரும் பிழை வேறு. 15 டிகிரி தப்பாக 1,000 கி.மீ. பறந்தால் போக வேண்டிய இடத்திலிருந்து சுமார் 260 கி.மீ. தள்ளிப் போய்விடுவோம். கீழே எங்கு பார்த்தாலும் பனிக்கட்டி, அடையாளம் சொல்ல ஒரு மரம்கூட கிடையாது. அதனால் எஸ்.ஏ.எஸ். நிறுவனத்துக்காக பெண்டிக்ஸ் நிறுவனம் பிழை மிகக் குறைவான தனி கைரோவைச் செய்து கொடுத்தது. அதையும் முழுசா நம்பாமல், திசை காட்டவென்றே விமானத்தில் இருக்கும் நேவிகேட்டர் என்பவர் கூரை வழியாக செக்ஸ்டன்ட் கருவியில் சூரியனையும் நட்சத்திரங்களையும் பார்த்து அடிக்கடி சரிபார்த்துக்கொண்டே வருவார்.

துருவத்தில் அந்தி வெளிச்சம் நாள் கணக்கில் இருக்கும். சூரியனும் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது. அப்போது வானத்தின் ஒளி எந்தப் பக்கம் முனைவாக்கம் ஆகியிருக்கிறது என்று பார்த்து, மறைந்திருக்கும் சூரியன் எங்கே என்று சொல்லும் கருவியை வைத்திருந்தார்கள். (முனைவாக்கம் என்றால் என்ன என்று அறிவியல் ஆசிரியரிடம் கேளுங்கள். அவர் அழகாகச் சொல்வார்.)

இதெல்லாம் வெறும் கணக்கு என்று நினைக்காதீங்க. 1978 ஏப்ரல் 20-இல் பாரிஸிலிருந்து ஆங்கரேஜ் வழியாக சியோல் போக வேண்டிய கொரியன் ஏர் லைன்ஸ் போயிங் 707 விமானம் இதே வட பகுதியில் திசை தவறியது. கிட்டத்தட்ட வந்த பக்கமே திரும்பி, சோவியத் எல்லைக்குள் போய்விட்டது. சோவியத் போர் விமானம் சுட்டது. விமானி உறைந்த ஏரி ஒன்றின் மேல் இறக்கினார். 109 பேரில் 2 பேர் இறந்துபோனார்கள், 107 பேர் பிழைத்தார்கள். நான் முறுக்கு சாப்பிட்டுக்கொண்டு விட்ட தப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. எனக்கு ஒரு பொத்தானை அழுத்தினால் விமானம் பழையபடி ஆரம்ப இடத்துக்கு வந்துவிடும். அவர்களுக்கு அது கிடையாது.

பிறகு ரஷ்யா வழி திறந்ததால் வடக்கே சுற்றும் தேவை குறைந்தது. ஆனால் 2022-இல் அந்த வான்வழி ஐரோப்பிய விமானங்களுக்கு மறுபடி மூடப்பட்டது. பின்லாந்தின் ஃபின்ஏர் அந்த மார்ச் மாதமே துருவம் வழியாக டோக்கியோ போனது. 9 மணி நேரப் பயணம் 13 மணி நேரம் ஆனது. இப்போது செயற்கைக்கோள் இருக்கிறது, பம்பரத்தை நம்ப வேண்டியதில்லை. ஆனால் திரையில் ஓடும் அந்தத் திசை எண், நான் பார்த்த மாதிரியேதான் அவர்களுக்கும் தாறுமாறாக ஓடியிருக்கும்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. நாங்கள் ஓட்டிய இதே பாதையில் விமானம் மேற்கு 100 டிகிரியில் இருக்கிறது. கட்ட வடக்குப்படி அதன் திசை 340. அப்படியானால் அதன் நிஜ திசை எண் என்ன? விடையைத் தாளில் எழுதி, பெயர், வகுப்புடன் என்னிடம் கொடுங்கள். சரியாகச் சொன்னவர்களின் பெயர் அடுத்த சுவரிதழில் வரும். நூலும் பூமி உருண்டையும் ஆய்வகத்தில் முதல் அலமாரியில் இருக்கிறது. உருண்டை கொஞ்சம் ஆடும், பார்த்து எடுங்க.

- 9-ஆம் வகுப்பு மாணவி