சுராங்கனிக்கு வந்தது மாலையா, மீனா? திரேஸ்புரம் வீட்டில் ஒரு நாற்பது வருடச் சண்டை!

சிவாஜியா எம்.ஜி.ஆரா, இளையராஜாவா ரஹ்மானா என்று உங்கள் வீட்டிலும் ஒரு முறையாவது சண்டை நடந்திருக்கும். தூத்துக்குடி திரேஸ்புரத்தில் எங்கள் வீட்டுச் சண்டை கொஞ்சம் வேறு மாதிரி. சிலோன் மனோகரா, நித்தி கனகரத்தினமா?

சின்ன வயதில் இருந்து இதைக் கேட்டு வளர்ந்தவள் நான். பெரியப்பா மனோகர் கட்சி. மாமா நித்தி கட்சி. கல்யாண வீடு, புதுமனை புகுவிழா, துக்க வீட்டின் பதினாறாம் நாள் என்று இருவரும் எங்கே சந்தித்தாலும் சாப்பாட்டு இலை எடுப்பதற்குள் ஆரம்பித்துவிடும். ஆச்சி மட்டும் தனிக் கட்சி. "ரெண்டு பேரும் சும்மா இருங்கல. நம்ம ஊர்ல பொறந்த சந்திரபாபு பாடாததையா அவங்க பாடிட்டாங்க?" என்று முடித்துவைக்கப் பார்ப்பார். முடியாது.

அக்கரையில் இருந்து வந்த பாட்டு

இளைய வாசகர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். 1960-களின் பிற்பகுதியில் இலங்கையில் ஒரு புது இசை அலை எழுந்தது. சிங்களத்தில் கிளாரன்ஸ் விஜேவர்தன 1966-ல் தொடங்கிய 'மூன்ஸ்டோன்ஸ்' போன்ற குழுக்கள் கிட்டாரைக் கையில் எடுத்தன. தமிழிலும் இளைஞர்கள் கிட்டாரோடு மேடை ஏறினார்கள். அங்கே அதற்குப் 'பொப்பிசை' என்று பெயர். 'துள்ளிசை' என்றும் சொல்வார்கள்.

அந்த அலையில் வந்தவர்களில் முக்கியமான இருவர்தான் எங்கள் வீட்டுச் சண்டையின் நாயகர்கள். யாழ்ப்பாணத்துக்காரரான நித்தி கனகரத்தினம் மாணவப் பருவத்திலேயே பாட ஆரம்பித்தவர். சொந்தமாக எழுதி, சொந்தமாக மெட்டமைத்துப் பாடுவார். 'தமிழ்ப் பொப்பிசையின் தந்தை' என்று அவரைச் சொல்கிறார்கள். இன்னொருவர் ஏ.ஈ.மனோகரன். 'பொப் இசைச் சக்கரவர்த்தி' என்பது அவருக்குக் கிடைத்த பட்டம். பிறகு சென்னைக்கு வந்து, 'சிலோன் மனோகர்' என்ற பெயரில் தமிழ், மலையாளப் படங்களில் நடித்தார். 2018 ஜனவரியில் சென்னையிலேயே காலமானார்.

இந்தப் பாட்டெல்லாம் எங்கள் கரைக்கு வந்தது வானொலி வழியாக. 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கர் காலத்தில், ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டுக்கு இடமில்லாமல் போனது. ஜனங்கள் சிலோன் ரேடியோவைத் திருப்பினார்கள். 1957-ல் விவித பாரதி வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத் குரல்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. திரேஸ்புரத்துக்கும் கொழும்புக்கும் நடுவில் மலையா, கட்டடமா? வெறும் கடல்தானே! பக்கத்து வீட்டில் பாடுவது மாதிரிக் கேட்கும் என்பார் அப்பா.

மாமாவின் வாதம்

மாமாவுக்குக் கடல் ஆகாது. வள்ளத்தில் ஏறினாலே வாந்தி. அதனால் பலசரக்குக் கடை வைத்தார். எதையும் எடை போட்டுப் பார்த்துத்தான் பேசுவார்.

"பாட்டுன்னா அதுல ஒரு சமாச்சாரம் இருக்கணும். கள்ளுக்கடைப் பக்கம் போகாதன்னு நித்தி பாடுனாரு. குடிச்சுக் கெட்ட குடும்பம் நம்ம தெருவுலயே எத்தன இருக்கு? கேலி பண்ற மாதிரியே புத்தி சொல்றாரு பாரு, அது லேசுப்பட்ட காரியமா? வார்த்தையும் அவரோடது, மெட்டும் அவரோடது. மனோகர் பாட்டுல என்ன இருக்கு? சுராங்கனிக்கு மாலை கொண்டு வந்தாங்களாம். சரி, கொண்டு வந்துட்டுப் போகட்டும். அதுக்கு எதுக்கு இவ்வளவு கைத்தட்டு?"

'சுராங்கனி' பாட்டு உங்களுக்கும் தெரிந்திருக்கும். தமிழும் சிங்களமும் கலந்து வரும். மனோகரனைக் கடல் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தது அதுதான். அதில் கொண்டு வருவது மாலை அல்ல, 'மாலு'. சிங்களத்தில் 'மாலு' என்றால் மீன் என்று பெரியப்பா நூறு தடவை சொல்லியிருப்பார். மாமா நம்பவே மாட்டார். "பாட்டுல ஒரு பொம்பளைக்கு எவனாச்சும் மீன் கொண்டு வருவானா? கப்பக்காரன் கதை விடுறாரு" என்று தள்ளிவிடுவார்.

பெரியப்பாவின் வாதம்

பெரியப்பா தோணிக்காரர். தூத்துக்குடியில் சரக்கு ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்வந்தவர். அவருடைய வாதம் வேறு.

"புத்தி சொல்ல கோயில்ல சாமியார் இருக்காரு. பாட்டு எதுக்குடே? பத்துப் பேர் சேர்ந்து பாடணும். தோணியில பாய் இழுக்கும்போது கடைசியில நிக்கிறவனுக்கும் அது தெரியணும். மனோகர் பாட்ட ஒரு தடவ கேட்டாப் போதும், ரெண்டாவது தடவ நீயே பாடிருவ. அதான் பெரிய வித்த!"

இதில் இசைக் காரணமும் உண்டு. மனோகரன் எடுத்துக்கொண்டது 'பைலா' தாளம். நடனம் ஆடுவதைக் குறிக்கும் போர்ச்சுக்கீசியச் சொல்லில் இருந்து வந்த பெயர் அது. போர்ச்சுக்கீசியர், அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கர், உள்ளூர்க்காரர் எல்லோரும் கலந்த கரையோரத்தில் பிறந்த இசை. 1940-களில் வாலி பாஸ்டியன் என்ற போலீஸ்காரர் அதற்கு இன்றைய மேடை வடிவம் கொடுத்தார். கச்சேரிக்காரர்கள் 'சிக்ஸ் எய்ட்' என்று சொல்லும் ஆறு தட்டுத் தாளம். நம் திஸ்ர நடைக்கு நெருங்கிய சொந்தம். அதனால்தான் தமிழ்க் காதுக்கு அது அந்நியமாகத் தெரிவதில்லை. கேட்டதும் கால் தானாகத் தட்டும்.

எங்கள் கரைக்கு இன்னொரு உறவும் இருக்கிறது. 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர் போர்ச்சுக்கீசியரோடு கைகோத்துக் கிறிஸ்தவர் ஆனார்கள். கொழும்பையும் அதே போர்ச்சுக்கீசியர்தான் ஆண்டார்கள். 1650-களில் இரண்டு கரையையும் டச்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஆனால், பெயர்கள் போகவில்லை. பெர்னாண்டோ இங்கேயும் உண்டு, அங்கேயும் உண்டு.

ஆச்சியின் வாதம்

ஆச்சி சொல்வதையும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. தாத்தா முத்துக்குளித்தவர். 1961-ல் நடந்த கடைசி முத்துக்குளிப்பு வரை பார்த்தவர் ஆச்சி. அவர் கணக்கில் இந்தக் கரையின் முத்து சந்திரபாபுதான்.

ஜே.பி.சந்திரபாபு 1927-ல் தூத்துக்குடியில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயரில் 'பனிமயதாஸ்' உண்டு; எங்கள் பனிமய மாதாவின் பெயர். அப்பா ரோட்ரிக்ஸ் சுதந்திரப் போராட்டக்காரர். அதனால் குடும்பமே கொழும்பு போக நேர்ந்தது. பிள்ளைப் பருவம் அங்கே கழிந்து, 1943 வாக்கில் சென்னை வந்தார்கள். குரலை உடைத்து உச்சத்துக்குத் தாவும் 'யோடலிங்' முறையைத் தமிழ் சினிமாவில் அவர் பாடிக் காட்டியபோது, 'இது மேல்நாட்டுக் காப்பி' என்று சொன்னவர்கள் உண்டு. 'புதையல்', 'மரகதம்', 'சகோதரி' படங்களில் அவர் பாடியதை இன்றும் பாடுகிறார்கள். காப்பி என்று சொன்னவர்கள் யார் என்று யாருக்கும் நினைவில்லை!

"கொழும்பு தண்ணி குடிச்சவன் தொண்டதான் இந்த மாதிரி பாடும். மனோகரும் நித்தியும் பின்னாடி வந்தவங்க" என்பது ஆச்சியின் தீர்ப்பு.

நியூயார்க்கிலும் இதே சண்டை

போன வருடம் பனிமய மாதா திருவிழாவுக்கு எல்லோரும் கூடியிருந்தோம். வழக்கம்போல் ஆரம்பித்தது. "அது சொந்தச் சரக்கு இல்ல, இரவல் சரக்கு" என்று மாமா ஒரு போடு போட்டார். காலேஜில் படிக்கும் என் அண்ணன் மகள் குறுக்கே வந்தாள்.

"தாத்தா, அப்படிப் பார்த்தா பிளாண்டியும் இரவல்தான்" என்றாள்.

பிளாண்டி என்பது நியூயார்க்கில் 1970-களில் கிளம்பிய 'நியூ வேவ்' குழு. அவர்களும் 'டாக்கிங் ஹெட்ஸ்' போன்றவர்களும் 'சிபிஜிபி' என்ற சின்ன கிளப்பில் பாடி மேலே வந்தவர்கள். பிளாண்டி 1980-ல் வெளியிட்ட 'தி டைட் இஸ் ஹை' அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் முதலிடம் பிடித்தது. ஆனால், அது ஜமைக்கா தீவுப் பாட்டு. 'தி பாராகன்ஸ்' என்ற குழு 1967-லேயே பாடியது. 'டாக்கிங் ஹெட்ஸ்' ஆப்பிரிக்கத் தாளங்களை எடுத்து அதே 1980-ல் ஓர் ஆல்பம் போட்டது. சொந்தமா, இரவலா என்று அங்கேயும் ரசிகர்களுக்கு இதே பேச்சுதான்.

அவள் போனில் அந்தப் பாட்டைப் போட்டாள். தலைப்புக்கு என்ன அர்த்தம் என்று பெரியப்பா கேட்டார். கடல் பெருகி நிற்கிறது என்று அர்த்தம் சொன்னாள். "தீவுக்காரன் பாட்டு, கரைக்காரன் பாடுறான். நம்ம கதையேதான்" என்றார் பெரியப்பா.

உண்மைதான். 'சுராங்கனி'யும் அப்படித்தான் கடல் தாண்டியது. 1977-ல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்காக இளையராஜா அதைத் தமிழ் சினிமாவுக்குள் கொண்டுவந்தார். மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் பாடினார்கள்.

கடலில் விழுந்த கோடு

அதற்கு முந்தைய வருடம் இன்னொன்று நடந்தது. 1976 மார்ச்சில் இந்தியாவும் இலங்கையும் மன்னார் வளைகுடாவில் எல்லைக்கோடு போட்டுக்கொண்டன. பாட்டு தாண்டிய அதே கடலில், மனிதன் தாண்டக் கூடாத இடம் குறிக்கப்பட்டது.

பெரியப்பாவுக்கு ஒரு தங்கை. எங்களுக்கு அத்தை. நீர்கொழும்பில் வாக்கப்பட்டவர். எழுபதுகளில் தோணிக்காரர்கள் வழியாகக் கருப்பட்டியும் கருவாடும் போய்வந்தன. 1983 கலவரம், அதன் பின் போர். கடிதம்கூட நின்றுபோன வருடங்கள் உண்டு. 2011 ஜூனில் தூத்துக்குடி - கொழும்பு பயணிகள் கப்பல் தொடங்கியபோது பெரியப்பா பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டார். அது கைக்கு வந்தபோது நவம்பரில் கப்பல் நின்றுவிட்டது. பிளேனில் போகலாமே என்றோம். "கடல் இருக்கும்போது ஆகாசத்துல எதுக்குப் போகணும்?" என்று மறுத்துவிட்டார்.

நாற்பது வருடங்களாக அவர் ஏன் 'சுராங்கனி'யை விட்டுக்கொடுக்கவில்லை என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

திருவிழா அன்று சாயங்காலம் அத்தையிடம் இருந்து வாட்ஸ்அப் வீடியோ கால். எல்லோர் தலையும் திரைக்குள் நுழைந்தது. நலம் விசாரித்து முடித்ததும் மாமாவால் சும்மா இருக்க முடியவில்லை.

"மதினி, நீங்க சிங்களம் பேசுறவங்க. நீங்களே சொல்லுங்க. சுராங்கனிக்குக் கொண்டு வந்தது மாலையா, மீனா?"

அத்தை சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. "மீன்தான் அண்ணே! இங்க சந்தையில தினமும் 'மாலு, மாலு'ன்னுதானே கூவுறான்!"

வீடே மாமாவைத் திரும்பிப் பார்த்தது. பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவினார், அவ்வளவுதான்.

மாமா கொஞ்ச நேரம் தாடையைத் தடவியபடி யோசித்தார். பிறகு போனுக்குக் கிட்டே குனிந்து கேட்டார்: "என்ன மீனு? சாளையா, சீலாவா?"

அதைக் கேட்டு அத்தை பாடவே ஆரம்பித்துவிட்டார். பெரியப்பா தட்டினார். ஆச்சியும் தட்டினார். நித்தி கட்சியின் தலைவரும் தட்டினார்.

பாட்டு முடிந்ததும் மாமா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "மீன்னு முதல்லயே ஒழுங்காச் சொல்லியிருந்தா நான் எதுக்கு இத்தன வருஷம் சண்ட போடுறேன்? மீன்னா அது நம்ம ஊர்ப் பாட்டு!"

நாற்பது வருடச் சண்டை தீர்ந்தது என்று நினைத்தோம். வாசல் வரை போனவர் திரும்பி நின்றார்.

"ஆனாலும் நித்திதான் பெரிய ஆளு."