நல்ல விமான நிலையம் எது, மோசமானது எது? கொல்லிமலைப் பக்கத்துப் பயணிக்கு ஒரு கணக்கு

வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால், பேச்சு எப்படியும் விமான நிலையத்துக்கு வந்துவிடும். சாங்கி மாதிரி வருமா என்பார் ஒருவர். ஜித்தாவில் நின்ற வரிசையைச் சொல்வார் இன்னொருவர். சென்னையில் பெட்டிக்காகக் காத்திருந்த கதையை மூன்றாமவர் ஆரம்பிப்பார். கடைசியில் எது நல்லது, எது மோசம் என்று ஆளுக்கொரு பட்டியலோடு கலைவார்கள்.

இந்தப் பட்டியல்களை வைத்துப் பயணத்தைத் திட்டமிட முடியுமா? நாமக்கல், ராசிபுரம், சேந்தமங்கலம், கொல்லிமலை வட்டாரத்தில் இருக்கும் ஒரு குடும்பம், வேலைக்குச் செல்லும் மகனையோ உம்ராவுக்குச் செல்லும் பெற்றோரையோ வழியனுப்பும்போது எதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்? மலை மேலிருந்து வருபவர் காரவள்ளிக்கு இறங்கவே 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் விமான நிலையத்துக்கான பயணமே தொடங்குகிறது.

பட்டியல்கள் எப்படித் தயாராகின்றன?

உலகின் சிறந்த விமான நிலையம் என்று ஆண்டுதோறும் வரும் செய்தி, பெரும்பாலும் லண்டனைச் சேர்ந்த ஸ்கைட்ராக்ஸ் நிறுவனத்தின் பட்டியலில் இருந்து வருவது. பயணிகளின் வாக்குகளை வைத்து அது தயாராகிறது. சிங்கப்பூரின் சாங்கி 2013 முதல் 2020 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது. 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் கத்தாரின் ஹமத் விமான நிலையம் அந்த இடத்தைப் பிடித்தது. 2023லும் 2025லும் மீண்டும் சாங்கி.

விமான நிலையங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு நடத்தும் கணக்கெடுப்பு வேறு வகை. அது நிலையத்திலேயே பயணிகளிடம் கேள்வித்தாள் கொடுத்து மதிப்பெண் வாங்குகிறது. மூன்றாவது, விமான நிலையங்களில் படுத்துத் தூங்கும் பயணிகளுக்காக 1996ல் தொடங்கப்பட்ட ஓர் இணையதளம். மோசமான நிலையங்கள் என்ற பட்டியலைப் பிரபலமாக்கியது அதுதான். மணிலா விமான நிலையம் அதில் பல ஆண்டுகள் சிக்கியது. 2014ல் இஸ்லாமாபாத்தின் பழைய விமான நிலையம் மிக மோசமானது என்று அறிவிக்கப்பட்டது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு நிலையத்தில் விமானம் மாறுவதற்காக ஐந்து மணி நேரம் இருப்பவருக்கு நல்ல இருக்கை, கடை, இணையவசதி, தூங்க இடம் எல்லாம் முக்கியம். அந்த ஊரிலேயே ஏறுபவருக்கும் இறங்குபவருக்கும் குடியேற்ற வரிசை, பெட்டி வரும் நேரம், வெளியே வந்ததும் கிடைக்கும் வண்டி ஆகியவைதான் முக்கியம். சாங்கியும் ஹமதும் விமானம் மாறும் பயணிகளை நம்பி வளர்ந்தவை. நம் ஊர் நிலையங்களில் பெரும்பாலோர் ஏறுபவர்கள், இறங்குபவர்கள். இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் எடை தவறாகத்தான் காட்டும்.

நமக்கு எட்டும் நான்கு நிலையங்கள்

*சேலம்:* ஓமலூர் அருகே காமலாபுரத்தில் இருக்கிறது. 1993ல் தொடங்கியது, பிறகு சேவை வருவதும் நிற்பதுமாகவே காலம் போனது. 2018ல் உடான் திட்டத்தில் சென்னைக்கு விமானம் வந்தது, 2021ல் நின்றது. 2023 அக்டோபரில் மீண்டும் உள்நாட்டுச் சேவை தொடங்கியது. ஓடுதளம் சுமார் 1,800 மீட்டர் மட்டுமே என்பதால் ஏடிஆர் வகைச் சிறு விமானங்கள்தான் வர முடியும். கூட்டமில்லை, வரிசை இல்லை, உள்ளே நுழைந்து கால் மணி நேரத்தில் காத்திருப்பு அறைக்குப் போய்விடலாம். வசதி என்று பார்த்தால் எளிமையான இடம். நேரம் மிச்சம் என்று பார்த்தால் நல்ல இடம். வெளிநாடு செல்பவர் இங்கிருந்து பெங்களூரு, ஹைதராபாத், சென்னை போன்ற பெருநகரம் போய் மாற வேண்டும்.

*திருச்சி:* நாமக்கல்லில் இருந்து சுமார் 90 கி.மீ. நம் பகுதிக்கு அருகில் உள்ள பன்னாட்டு நிலையம் இதுதான். பல ஆண்டுகளாக உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் வந்துபோகும் நிலையம் என்பது இதன் தனிச்சிறப்பு. 1,100 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் கட்டிய புதிய முனையம் 2024 ஜனவரி 2 அன்று திறக்கப்பட்டு, ஜூன் 11 முதல் செயல்பாட்டுக்கு வந்தது. ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகளையும், நெரிசல் நேரத்தில் 3,500 பேரையும் தாங்கும் அளவுக்குக் கட்டப்பட்டது. பழைய முனையத்தில் வெளிநாட்டு விமானங்கள் இரண்டு சேர்ந்தாற்போல் இறங்கினால் ஏற்பட்ட மூச்சுமுட்டல் இப்போது இல்லை.

*கோவை:* நாமக்கல்லில் இருந்து சுமார் 150 கி.மீ. சார்ஜா, சிங்கப்பூர், அபுதாபி என வெளிநாட்டுத் தடங்கள் குறைவு. ஆனால் சார்ஜாவுக்கு ஏர் அரேபியா 2007 முதல் பறக்கிறது.

*சென்னை:* 350 கி.மீ.க்கு மேல். விமானங்கள் அதிகம், போட்டி அதிகம், கட்டணத்தில் தேர்வும் அதிகம். 2013ல் திறந்த முனையங்களில் கண்ணாடிகளும் மேற்கூரைப் பலகைகளும் திரும்பத் திரும்ப விழுந்து கேலிக்கு ஆளானது இந்த நிலையம். புதிய ஒருங்கிணைந்த முனையத்தின் முதல் கட்டம் 2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட பிறகு நிலைமை மாறியிருக்கிறது. 2016 செப்டம்பர் முதல் மெட்ரோ உண்டு. எதிரிலேயே திரிசூலம் ரயில் நிலையம் உண்டு. பேருந்தில் போகிறவர்கள் கிளாம்பாக்கத்தில் இறங்கி அதே ஜி.எஸ்.டி. சாலையில் இன்னும் சுமார் 15 கி.மீ. செல்ல வேண்டும்.

கட்டடம் வந்தது, விமானம் ஏன் வரவில்லை?

திருச்சியின் புதிய முனையத்தைப் பார்த்தவர்கள் கேட்கும் கேள்வி இது. சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் அவ்வளவு விமானம் இருக்கும்போது, வளைகுடா நாடுகளின் பெரிய நிறுவனங்கள் ஏன் இங்கே வருவதில்லை?

காரணம் இரண்டு. முதலாவது, நாடுகளுக்கிடையே உள்ள விமானப் போக்குவரத்து ஒப்பந்தம். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று எந்த இந்திய ஊருக்குப் பறக்கலாம், வாரத்துக்கு எத்தனை இருக்கை என்பதை அந்த ஒப்பந்தம்தான் தீர்மானிக்கிறது. தென்கிழக்கு ஆசிய நாடுகளின் நிறுவனங்களுக்கு இந்தியா தாராளமாகத் திறந்துவிட்ட 18 ஊர்களில் திருச்சியும் ஒன்று. சிங்கப்பூர், மலேசிய விமானங்கள் இங்கே நிறைய வருவதற்கு இதுவே வழி. வளைகுடா நாடுகளுடனான ஒப்பந்தங்களில் திருச்சிக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. அதனால் துபாய், சார்ஜா போன்ற தடங்களில் இந்திய நிறுவனங்களை மட்டுமே நம்பியிருக்க வேண்டிய நிலை. போட்டி குறைந்தால் கட்டணம் ஏறும். விடுமுறைக் காலத்தில் அந்தச் சுமையைத் தாங்குவது மாதச் சம்பளத்துக்கு உழைக்கும் தொழிலாளிதான்.

இரண்டாவது, ஓடுதளம். திருச்சியின் ஓடுதளம் சுமார் 8,000 அடி நீளம். பெரிய அகல உடல் விமானங்களுக்கு இது போதாது. நீட்டிக்க வேண்டும் என்ற திட்டம் நிலம் கிடைப்பதில் இழுத்துக்கொண்டே போனது. ஓடுதளம் எப்படிக் கட்டணமாக மாறுகிறது என்பதற்கு அண்டை மாநிலத்தில் உதாரணம் உண்டு. 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் நடந்த விபத்தில் 21 பேர் இறந்தார்கள். அதன்பின் அங்கே பெரிய விமானங்கள் நிறுத்தப்பட்டன. 2024 ஹஜ்ஜின்போது கொச்சி, கண்ணூரைவிடக் கோழிக்கோட்டில் இருந்து புறப்பட்ட ஹாஜிகளுக்கு விமானக் கட்டணம் மிக அதிகமாக நிர்ணயிக்கப்பட்டுக் கேரளத்தில் பெரிய சர்ச்சையானது.

தமிழ்நாட்டில் ஹஜ் கமிட்டி வழியாகச் செல்பவர்களுக்குப் புறப்பாட்டு இடம் சென்னை மட்டுமே. 2022ல் நாடு முழுவதும் புறப்பாட்டு இடங்கள் 10 ஆகக் குறைக்கப்பட்டபோது சென்னையும் பட்டியலில் இருந்து விடுபட்டது. தமிழக ஹாஜிகள் கொச்சிக்குப் போய் ஏறினார்கள். மாநில அரசும் சமுதாயமும் தொடர்ந்து கேட்டதில் 2023ல் சென்னை திரும்பக் கிடைத்தது.

கட்டடத்தை மட்டும் வைத்து நிலையத்தை மதிப்பிடக் கூடாது என்பதற்கு இலங்கையின் மத்தள விமான நிலையம் போதும். 2013ல் திறக்கப்பட்டது, நல்ல கட்டடம், நீண்ட ஓடுதளம், பயணிகள்தான் இல்லை. உலகின் வெறுமையான பன்னாட்டு விமான நிலையம் என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அதே நாட்டில் கட்டுநாயக்க நிலையம் கொள்ளளவை மீறிய கூட்டத்தால் திணறியது.

போய் இறங்கும் இடங்கள்

சாங்கியின் ஜூவல் வளாகத்தில் 40 மீட்டர் உயரச் செயற்கை அருவி இருக்கிறது. 2019ல் திறந்ததில் இருந்து அதைப் படம் எடுக்காத தமிழர் குறைவு. நம் ஆகாய கங்கையைப் பார்க்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். அங்கே மின்படியில் போகலாம். ஆனால் சாங்கிக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது அருவி மட்டுமல்ல. குடியேற்றப் பிரிவைத் தாண்டும்போதே பெட்டி வந்து நிற்பதும், கழிவறை எந்த நேரமும் சுத்தமாக இருப்பதும், முனையத்திலேயே ரயில் இருப்பதும்தான். தொழுகை அறையும் ஒளு செய்யும் இடமும் பலகை பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

கோலாலம்பூர் நிலையம் நகரில் இருந்து வெகுதூரம். ஆனால் கேஎல் சென்ட்ரலுக்கு விரைவு ரயில் 28 நிமிடத்தில் போகிறது. தூரம் ஒரு குறை என்றால், அதைச் சரிசெய்யும் வழியும் இருக்கிறது என்பதற்கு இது சாட்சி. மலிவுக் கட்டண நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டாம் முனையத்தில் இருந்து இயங்குகின்றன. எந்த முனையம் என்று டிக்கெட்டில் பார்க்காமல் போனால் ரயிலேறி மாற வேண்டியிருக்கும்.

ஜித்தாவின் ஹஜ் முனையம் 1981ல் திறக்கப்பட்டது. வரிசை வரிசையான 210 கூடார வடிவக் கூரைகளால் ஆனது. பாலைவன வெப்பத்தில் காற்று தானே மேலெழுந்து வெளியேறும்படி வடிவமைக்கப்பட்டது. அதன் பொறியியலில் முக்கியப் பங்காற்றிய ஃபஸ்லுர் ரஹ்மான் கான், இன்றைய பங்களாதேஷில் பிறந்தவர். 1983ல் ஆகா கான் கட்டடக்கலை விருது இந்த முனையத்துக்குக் கிடைத்தது. அப்படிப்பட்ட இடத்திலும் ஹஜ் காலத்தில் மணிக்கணக்கில் காத்திருக்க நேர்வதுண்டு. சில வாரங்களில் பல லட்சம் பேர் ஒரே வாசலில் வந்தால் எந்தக் கட்டடமும் திணறும்.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

*சக்கர நாற்காலி.* வயதான பெற்றோர் செல்வதாக இருந்தால் இதுதான் முதல் கேள்வி. 2024 பிப்ரவரியில் மும்பையில், கேட்ட சக்கர நாற்காலி கிடைக்காமல் நடந்தே சென்ற 80 வயதுப் பயணி ஒருவர் குடியேற்றப் பிரிவருகே மயங்கி விழுந்து இறந்தார். விமான நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. இந்த உதவி இலவசம். புறப்பாட்டுக்கு 48 மணி நேரம் முன்பே பதிவு செய்து, டிக்கெட்டில் அது ஏறியிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். இருவர் சென்றால் இருவருக்கும் தனித்தனியாகப் பதிய வேண்டும்.

*இஹ்ராம்.* ஜித்தாவுக்கு நேரே செல்லும் விமானம் மீக்காத் எல்லையை வானிலேயே கடந்துவிடும். எனவே வீட்டிலோ, ஏறும் நிலையத்திலோ, மாறும் நிலையத்திலோ இஹ்ராம் உடை அணிய வேண்டும். மாறும் இடத்தில் ஒரு மணி நேரமே அவகாசம் என்றால் அதை நம்ப வேண்டாம். ஏறும் முன்பே உடுத்துவது நிம்மதி.

*பெட்டி.* கடைசிப் பெட்டி 30 நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விமான நிறுவனங்களுக்கு உத்தரவிடப்பட்டது. பெட்டி வராவிட்டாலும் உடைந்திருந்தாலும் அந்தக் கூடத்தை விட்டு வெளியேறும் முன் எழுத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். பன்னாட்டு விதிப்படி சேதத்துக்கு 7 நாட்களுக்குள், தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த 21 நாட்களுக்குள் எழுதிக் கேட்க வேண்டும்.

*குடியேற்ற வரிசை.* முன்பதிவு செய்த இந்தியர்கள் தானியங்கி வாயில் வழியாகச் செல்லும் திட்டம் 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கி, 2025ல் சென்னைக்கும் திருச்சிக்கும் வந்தது. அடிக்கடி போய்வருபவர்களுக்குப் பயனுள்ளது.

*உணவு.* வீட்டில் இருந்து எடுத்துப் போவதே சிறந்தது. விலை பற்றிய புகார்களுக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் சென்னை உள்நாட்டு முனையத்தில் மலிவு விலை உணவகம் திறக்கப்பட்டது. அங்கே தண்ணீரும் தேநீரும் 10 ரூபாய்.

*மொத்தச் செலவு.* சென்னையில் டிக்கெட் 4,000 ரூபாய் குறைவு என்று வைத்துக்கொள்வோம். வழியனுப்பக் குடும்பமே கார் பிடித்துப் போய்வந்தால் அந்த மிச்சம் டீசலுக்கும் சுங்கச்சாவடிக்கும் போய்விடும். தனி ஆள் இரவுப் பேருந்தில் போனால் மிச்சம் மிச்சம்தான். ஆளுக்கும் பயணத்துக்கும் ஏற்பக் கணக்குப் போட வேண்டும்.

எந்தப் பட்டியலிலும் வராத ஓர் அளவுகோலும் உண்டு. 2024 அக்டோபர் 11 அன்று திருச்சியில் இருந்து சார்ஜா கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு ஏற்பட்டது. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வானில் வட்டமடித்து எரிபொருளைக் குறைத்துவிட்டு, 141 பயணிகளோடு அது பத்திரமாகத் தரையிறங்கியது. கீழே தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் தயாராக நின்றன. விமானிகளும் தரைக் கட்டுப்பாட்டு அறையும் அன்று வாங்கிய மதிப்பெண்ணை எந்தக் கேள்வித்தாளும் கேட்பதில்லை.

குறை கண்டால் வாட்ஸ்அப் குழுவில் திட்டிவிட்டு விடுவது நம் வழக்கம். ஒன்றிய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் தேதி, விமான எண், நேரம் குறிப்பிட்டுப் பதிவு செய்தால் சம்பந்தப்பட்டவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். திருச்சிக்கு வளைகுடா விமானங்கள் வேண்டும், ஓடுதளம் நீள வேண்டும் என்ற கோரிக்கையை நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் எழுத்தில் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சென்னைக்கு ஹஜ் புறப்பாடு திரும்பியது அப்படித்தான். அடுத்த முறை டிக்கெட் எடுக்கும்போது பயணியின் வயது, பெட்டியின் எடை, வீட்டில் இருந்து வாசல் வரை உள்ள தூரம் ஆகிய மூன்றையும் முதலில் எழுதிக்கொண்டு நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். அல்லாஹ் அனைவரின் பயணத்தையும் எளிதாக்குவானாக.