தேர்தல் விளம்பரமும் கருத்துநிலையும்: புத்தளக் கரையோரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

தேர்தற் பிரசாரம் பற்றிய நமது விமர்சனங்கள் பெரும்பாலும் ‘பொய் வாக்குறுதி’ என்ற குற்றச்சாட்டுடன் நின்றுவிடுகின்றன. கூறப்பட்டது மெய்யா பொய்யா என்ற வினா அவசியமானதே. எனினும், வெளிப்படையான பொய் எதனையும் கூறாமலே மக்களின் சிந்தனையைத் தான் விரும்பும் திசையிற் செலுத்தும் ஆற்றல் அரசியல் விளம்பரத்துக்கு உண்டு. அவ்வாற்றல் எவ்வாறு தொழிற்படுகின்றது, எத்தகைய சமூகத் தளத்தில் அது வேர்கொள்கின்றது என்பவற்றைப் புத்தளம் மாவட்டக் கரையோரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்க இக்கட்டுரை முயல்கின்றது.

இக்கரையோரத்தைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. வென்னப்புவ, சிலாபம் பகுதிகளிற் சிங்களம் பேசும் கத்தோலிக்க மீனவர். உடப்பில் இந்துத் தமிழர். புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தமிழ் பேசும் முஸ்லிம்கள். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கு வந்து குடியேறிய முஸ்லிம்கள் எனப் பல பிரிவினர் அருகருகே வாழ்கின்றனர். வழிபாட்டாலும் மொழியாலும் வேறுபட்ட இவர்களுட் பெருந்தொகையினரின் வாழ்வு கடலோடும் களப்போடும் உப்பளத்தோடும் பிணைந்தது. எரிபொருளின் விலையும் சம்மாட்டியிடம் பட்ட கடனும் மதம் பார்ப்பதில்லை. பொதுவான வாழ்வு நிலைமையும் வேறுபட்ட அடையாளங்களும் ஒருங்கே காணப்படும் இத்தகைய பிரதேசத்தில், பிரசாரம் எதனை முன்னிறுத்துகின்றது, எதனை மறைக்கின்றது என்பதைத் தெளிவாக இனங்காணலாம்.

பிரசார உத்திகளை வகைப்படுத்தும் முயற்சிகளுள் பெரிதும் அறியப்பட்டது 1937இல் நியூயோர்க்கில் நிறுவப்பட்ட பிரசாரப் பகுப்பாய்வு நிறுவனத்தினுடையது. அது ஏழு உத்திகளைச் சுட்டியது. எதிரிக்கு இழிபெயரிடல், பொருள் வரையறையற்ற ஒளிச்சொற்களை வழங்கல், மதிப்புடைய ஒன்றின் மதிப்பை வேறொன்றுக்குப் பெயர்த்தல், புகழ்பெற்றவரைச் சான்று கூறச் செய்தல், எளியவராகக் காட்சி தருதல், சாதகமானவற்றை மட்டும் அடுக்குதல், ஊரோடு ஒத்தோடச் செய்தல் என்பன அவை. இப்பட்டியல் பயனுள்ளது, ஆயினும் அது தனிமனித உளவியலின் எல்லைக்குள் நின்றுவிடுகின்றது. ஓர் உத்தி ஒரு காலத்தில் ஏன் பலிக்கின்றது, யாருடைய நலனுக்குப் பலிக்கின்றது என்ற வினாக்களுக்கு விடைகாண வரலாற்றுக்கே செல்லுதல் வேண்டும்.

முதலில், சொல்லுக்குப் பதிலாகச் சின்னத்தை நிறுத்தும் உத்தியை நோக்கலாம். யானை, கை, திறப்பு, நட்சத்திரம் முதலிய சின்னங்கள் எழுத்தறியாதவரும் வாக்களிப்பதற்கு உதவின. அது ஜனநாயகப் பயன். ஆனால் 1982 டிசம்பர் 22ஆந் திகதி நடைபெற்ற சர்வஜன வாக்கெடுப்பில் இவ்வசதியே வேறொரு பணியைச் செய்தது. 1977இல் தெரிவான பாராளுமன்றத்தின் காலத்தைத் தேர்தலின்றி மேலும் ஆறு ஆண்டுகளுக்கு நீடிக்கலாமா என்பதே மக்கள்முன் வைக்கப்பட்ட வினா. அரசியலமைப்புச் சார்ந்த அவ்வினா ‘விளக்கா, குடமா’ என்று சுருங்கியது. ஆம் என்பதற்கு விளக்கு. இல்லை என்பதற்குக் குடம். ஒளியை வேண்டாமென்று கூற எவர் முன்வருவர்? குடமும் தன்னளவில் அமங்கலமானதன்று. நமது வாசல்களில் நிறைகுடம் வைத்தே விருந்தினரை வரவேற்கின்றோம். எனினும் விளக்கினருகே வைக்கப்பட்ட குடம் வெறுங்குடமாகவே தோன்றும். மாற்றுக் கட்சியினருள் ‘நக்சலைட்டுகள்’ சதி செய்தனர் என்ற அரசின் குற்றச்சாட்டு இழிபெயரிடலாக இதனுடன் சேர்ந்துகொண்டது. அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்தது. கம்யூனிஸ்டுக் கட்சியின் ‘அத்த’ நாளிதழ் அச்சகத்துக்கு முத்திரையிடப்பட்டது. 54.66 வீத வாக்குகளால் விளக்கு வென்றது. சின்னத்தின் கவர்ச்சி தனித்து வென்றதெனக் கொள்ளலாகாது. எதிர்க்குரலை அடக்கும் அரச அதிகாரம் பின்னால் நின்றமையாலேயே அது தடையின்றித் தொழிற்பட்டது.

அடுத்தது, மதிப்பைப் பெயர்த்தல். நுரைச்சோலை அனல்மின் நிலையம் இதற்குத் தக்க சான்று. சீனக் கடனுதவியுடன் கட்டப்பட்ட இந்நிலையத்தின் முதல் அலகு 2011இல் இயங்கத் தொடங்கியது. மூன்று அலகுகளும் நிறைவுற்றபோது அதன் கொள்ளளவு 900 மெகாவாற்று. அதற்கு இடப்பட்ட பெயர் ‘லக்விஜய’, அதாவது இலங்கையின் வெற்றி. 2009இல் போர் முடிவுற்ற சூழலில் ‘வெற்றி’ என்ற சொல் எதனை நினைவூட்டியது என்பதை விளக்க வேண்டியதில்லை. படைவெற்றிக்குரிய மதிப்பு மின்னிலையத்துக்கும், மின்னிலையத்தின் மதிப்பு ஆட்சியாளருக்கும் இவ்வாறு கைமாறின. 2014 செப்டம்பரில் சீன ஜனாதிபதி சீ ஜின்பிங்கும் மகிந்த ராஜபக்சவும் கலந்துகொண்ட திறப்புவிழா இடம்பெற்றது. 2015 ஜனவரியில் ஜனாதிபதித் தேர்தல் வந்தது. நிலக்கரித் தூசு பற்றியும் சாம்பல் பற்றியும் அயற்கிராமத்தவர் எழுப்பிய முறைப்பாடுகளுக்கு அவ்விழாப் படிமத்தில் இடமிருக்கவில்லை. நாடு மின்சாரம் பெற்றது மெய்யே. அம்மெய்யின் ஒரு பாதி மட்டும் அடுக்கப்பட்டமையே இங்கு உத்தி.

மூன்றாவது உத்தி கேட்போரைக் கூறுபோடுதல். மேற்கூறிய ஏழு உத்திகளின் பட்டியலில் இது தனியே இடம்பெறவில்லை. பலவின மக்கள் வாழும் நாடுகளில் இதுவே மிகவும் ஆபத்தானது என்பது எமது கருத்து. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து 32 பேர் மாண்ட பின்னர், கொழும்பின் குப்பையை ஏறத்தாழ 170 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள அறுவாக்காட்டுக்குக் கொண்டுசெல்லும் திட்டம் விரைவு பெற்றது. 2018இல் புத்தளத்தில் எழுந்த எதிர்ப்பில் முஸ்லிம்களும் சிங்களவரும் தமிழரும், மும்மதத் தலைவர்களும் ஒன்றாக அமர்ந்தனர். களப்பையும் நிலத்தடி நீரையும் காப்பது என்ற பொது நலன் அவர்களை ஒரே மக்களாக ஆக்கியிருந்தது.

2019 ஏப்ரல் 21ஆந் திகதி உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் நிகழ்ந்தன. மாவட்டத்தின் தென் எல்லைக்கு அண்மையிலுள்ள நீர்கொழும்பு கட்டுவப்பிட்டித் தேவாலயமும் தாக்கப்பட்டது. கத்தோலிக்கக் கரையோரத்தின் துயரம் ஆழமானது, நியாயமானது. ஆனால் அத்துயரம் விரைவிலேயே வேறு கைகளுக்குச் சென்றது. மே 12இல் சிலாபத்தில் ஒரு வணிகர் முகநூலில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வரி அச்சுறுத்தலாக வாசிக்கப்பட்டு, முஸ்லிம்களின் கடைகள் தாக்கப்பட்டன. மறுநாள் இம்மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் ஒரு முஸ்லிம் தொழிலாளி கொல்லப்பட்டார். அவசரகால நிலை ஆகஸ்ட் வரை நீடித்தது. அதே ஆகஸ்டில் அறுவாக்காட்டுக்குக் குப்பை வந்து சேரத் தொடங்கியது. அடுத்து வந்த ஜனாதிபதித் தேர்தலில் ‘தேசிய பாதுகாப்பு’ தலையாய சுலோகமாயிற்று. சிங்கள வாக்காளரிடம் ஓர் அச்சம் விற்கப்பட்டது. சிறுபான்மையினரிடமோ மறுதரப்பினர், ராஜபக்சக்கள் திரும்புவர் என்ற அச்சத்தை விற்றனர். இரண்டு அச்சங்களுக்கும் ஆதாரம் இல்லாமலில்லை. ஆயினும் ஒரே களப்பின் மக்கள் ஒருவரையொருவர் அஞ்சும் இரு சந்தைகளாகப் பிரிக்கப்பட்டனர். நவம்பர் 16இல், வாக்களிப்பதற்காகப் புத்தளத்திலிருந்து மன்னாருக்குச் சென்ற முஸ்லிம்களின் பேருந்துத் தொடர்மீது தந்திரிமலை அருகே துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. பிரசாரச் சொல் எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதை நினைக்க அச்செய்தி ஒன்றே போதும்.

அத்தேர்தலில் வென்ற கோட்டாபய ராஜபக்சவின் விஞ்ஞாபனம் ‘சுபீட்சத்தின் நோக்கு’ என்பது. 2022இல் மண்ணெண்ணெய் இன்றி வள்ளங்கள் கரையில் கிடந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. உடப்பு மீனவனுக்கும் சிலாபத்து மீனவனுக்கும் கற்பிட்டி மீனவனுக்கும் விலை ஒன்றே. விளம்பரம் பிரித்தவர்களைப் பொருளாதாரம் ஒரே வரிசையில் நிறுத்தியது.

இவ்விமர்சனத்திலிருந்து இடதுசாரிகளை விலக்குதல் நேர்மையன்று. 1970இல் சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்டுக் கட்சியும் இணைந்த ஐக்கிய முன்னணி, இரண்டு கொத்து அரிசி என்ற வாக்குறுதியை முன்னிறுத்தி வென்றது. 1973இல் உணவுத் தட்டுப்பாடும் பங்கீட்டுக் குறைப்பும் வந்தன. 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி எட்டு இறாத்தல் தானியமும் ‘தர்மிஷ்ட சமுதாயமும்’ தருவதாகக் கூறியது. உற்பத்தி செய்யும் உழைப்பாளியை, கொடுப்பதைப் பெறும் நுகர்வோனாக மட்டும் விளித்த வகையில் இரு பிரசாரங்களும் ஒத்தன. 2024இல் தேசிய மக்கள் சக்தி முன்வைத்த ‘வளமான நாடு – அழகான வாழ்க்கை’ என்ற தொடரும் ஒளிச்சொற்களாலானதே. யாருடைய வளம், எவ்வழியில் என்ற வினாவை அதனிடமும் கேட்டல் வேண்டும்.

சட்டம் ஓரளவு துணைபுரியும். 2023ஆம் ஆண்டின் தேர்தற் செலவின ஒழுங்குபடுத்தற் சட்டத்தின்கீழ், 2024 ஜனாதிபதித் தேர்தலில் வேட்பாளர் ஒருவர் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா வரை செலவிடலாமென வரையறுக்கப்பட்டது. நாடளாவிய நிலையில் அது ஒருவருக்கு 180 கோடி ரூபாவைத் தாண்டும் தொகை. எந்த மீனவர் சங்கத்தால் இத்தொகையைத் திரட்ட முடியும்? பணமுள்ளோரின் குரலுக்கு உச்சவரம்பு இடும் சட்டம், குரலற்றோருக்குக் குரலை வழங்குவதில்லை.

ஆகவே விளம்பரத்தை வாசிக்கும் பயிற்சி மக்களிடையே பரவுதல் வேண்டும். இச்சுவரொட்டி என்னை யாராக விளிக்கின்றது? என் அயலவனிடம் அவன் மொழியில் இதே கட்சி என்ன கூறுகின்றது? நாங்கள் இருவரும் நேற்றுப் பேசிய எந்தச் சங்கதி இதில் இல்லை? இம்மூன்று வினாக்களையும் எழுப்பப் பல்கலைக்கழகக் கல்வி தேவையில்லை. இரு மொழிச் சுவரொட்டிகளையும் அருகருகே வைத்து வாசிக்கக்கூடிய அயலுறவு தேவை. 2018இல் புத்தளத்தில் அத்தகைய அயலுறவு இருந்தது. அதனை மீளக் கட்டுவதில் மீனவர் சங்கங்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நம்போன்ற ஆய்வாளர்களுக்கும் பங்குண்டு.