அட்டவணைகளின் உறவும் வினவலின் செலவும்

நூலகப் பட்டியலைக் கணிப்பொறியில் ஏற்றுவோர் ஒவ்வொரு நூலின் எதிரிலும் ஆசிரியரின் பெயர், ஊர், பிறந்த ஆண்டு ஆகிய அனைத்தையும் எழுதுவதில்லை. நூல்களுக்கு ஓர் அட்டவணை. ஆசிரியர்களுக்கு மற்றோர் அட்டவணை. நூலின் வரிசையில் ஆசிரியருக்குரிய எண் மட்டுமே நிற்கும். சொல்லடைவுகளில் பாடலை முழுதும் தராது பாடல் எண்ணை மட்டும் குறிப்பதை ஒத்தது இது. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் அறிஞர் 1970இல் வெளியிட்ட கட்டுரையே இம்முறைக்கு அடித்தளம். ஒரு செய்தி ஓரிடத்திலேயே இருப்பதால் திருத்தத்தையும் ஓரிடத்தில் செய்தாற் போதும்.

பிரித்து வைத்தவற்றைச் சேர்த்துக் காணும்போதுதான் சிக்கல் எழுகின்றது. இணையதளம் அமைக்கப் பயன்படும் ஜாங்கோ என்னும் கட்டமைப்பை நோக்குவோம். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில், ஒரு நாளிதழ் அலுவலகத்தில் உருவாகி, 2005இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது இது. பெயரோ ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிதார்க் கலைஞருடையது! இதில் நூலைக் குறிக்கும் சொல்லுக்குப் பின் ஒரு புள்ளியிட்டு 'ஆசிரியர்' என எழுதினால், அவ்வாசிரியரின் பதிவு வந்து நிற்கும். எளிமைதான்; ஆயினும் அப்புள்ளிக்குப் பின்னால் தரவுத்தளத்திற்கு ஒரு வினவல் ஓசையின்றிச் செல்கின்றது. 100 நூல்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றின் ஆசிரியரையும் காட்ட முயன்றால், நூல்களுக்கு 1, ஆசிரியர்களுக்கு 100, ஆக 101 வினவல்கள். ஒருவரே பத்து நூல்கள் எழுதியிருப்பினும் அவரைப் பற்றிப் பத்து முறை கேட்கப்படும். ஐந்தாறு நூல்களை வைத்துச் சோதிக்கும் மாணாக்கருக்கு இத்தாமதம் புலப்படாது. நூல்கள் ஆயிரக்கணக்கில் பெருகிய பின், திரையின் முன் காத்திருக்கும் வாசகருக்கே அது புலப்படும்.

'செலக்ட் ரிலேட்டட்' என முன்னரே கட்டளையிட்டால், ஜாங்கோ இரு அட்டவணைகளையும் இணைத்து ஒரே வினவலில் கொணர்ந்துவிடும். ஆனால் ஒரு பதிவு மற்றொரு பதிவை மட்டும் சுட்டும் உறவுக்கே இது பொருந்தும். ஒரு நூலுக்குப் பல பொருள் தலைப்புகள் இருப்பின், இணைப்பில் அந்நூலின் வரிசை தலைப்புதோறும் திரும்பத் திரும்ப வரும். அத்தகைய உறவுக்கு உரியது 'ப்ரீஃபெட்ச் ரிலேட்டட்'. முதல் வினவலில் நூல்கள். இரண்டாவதில் அந்நூல்கள் அனைத்திற்கும் உரிய தலைப்புகள். எதனை எதனோடு சேர்ப்பது என்னும் பணியைப் பைத்தான் மொழி நிரலே செய்துகொள்ளும். நூல்கள் நூறாயினும் வினவல்கள் இரண்டே.

இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. இவ்வாறு கொணர்ந்த தலைப்புகளை நூல்தோறும் மீண்டும் 'ஃபில்டர்' கொண்டு வடிகட்ட முற்பட்டால், முன்பு கொணர்ந்தவை பயன்படா. ஒவ்வொரு நூலுக்கும் புதியதொரு வினவலே செல்லும்.