இழுக்கும் வலியும் தாங்கும் வலியும்



10 மூட்டை நெல்லேற்றிய வண்டியை ஒரு சோடிக் காளைகள் எளிதாக இழுத்துச் செல்லும். அதே 10 மூட்டையையும் அக்காளைகளின் முதுகில் ஏற்றினால் அவை ஓரடியேனும் நகருமா? நகரா. இழுக்கும் வலி வேறு. தாங்கும் வலி வேறு. இந்த வேறுபாட்டை மறப்பதால் வரும் கேட்டைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்காவில் என் மகன் இல்லத்தில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது, நெடுஞ்சாலைகளில் ஒரு காட்சியை அடிக்கடி கண்டேன். பின்புறம் திறந்த தொட்டியுடைய ‘பிக்கப் டிரக்’ என்னும் வண்டி, படுக்கையறையும் சமையலறையும் அமைந்த ஒரு வீட்டையே இழுத்துச் செல்லும். இவ்வீட்டு வண்டியை ‘ஐந்தாம் சக்கரம்’ என்பர். முற்காலக் குதிரை வண்டிகளில், வண்டி திரும்புவதற்காக முன்னச்சின்மேல் படுக்கையாக அமைத்த வட்டத்திற்கு வழங்கிய பெயர் இது. இன்று டிரக்கின் தொட்டிக்குள், பின்னச்சிற்கு நேர்மேலோ சற்று முன்னரோ அமையும் இணைப்பினால் அப்பெயர் இவ்வண்டிக்கு ஆயிற்று.

நம் வண்டிக்காரர் ‘முன்பாரம்’ என்பது இங்கும் உண்டு. வீட்டு வண்டியின் எடையில் 15 முதல் 25 விழுக்காடு வரை அவ்விணைப்பின் வழியே டிரக்கின்மேல் அமர்கிறது. ஆகவே டிரக் இழுப்பதோடு சுமக்கவும் வேண்டும். விற்பனை விளம்பரங்களோ இழுதிறனையே பெரிய எழுத்தில் காட்டும். சுமைதிறன், ஓட்டுநர் பக்கத்துக் கதவுச் சட்டத்தில் ஒட்டிய சிறு சீட்டில் அடங்கிக் கிடக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டிரக்கின் இழுதிறன் 6,000 கிலோ. சீட்டில் கண்ட சுமைதிறன் 900 கிலோ என்க. வீட்டு வண்டி நிறைசுமையோடு 5,000 கிலோ. பொருந்துவதுபோல் தோன்றுகிறது அன்றோ? ஆனால் 900 கிலோவில் ஓட்டுநர் உள்ளிட்ட நால்வரின் எடை 280; இணைப்புக் கருவி 80; கைப்பொருள்கள் 40. இவை போக எஞ்சுவது 500 கிலோ. முன்பாரத்தை 20 விழுக்காடு எனக் கொண்டால், அதுவோ 1,000 கிலோ; எஞ்சிய இடத்திற்கு இருமடங்கு! 500 கிலோ முன்பாரம் உடைய வீட்டு வண்டியின் எடை 2,500 கிலோவே. 6,000 இழுக்கும் என்ற டிரக்கிற்கு, இக்குடும்பத்தோடு செல்லும்போது உரிய அளவு அதுதான்.

மிகைச்சுமை ஏற்றினால் என்ன நேரும்? பின்னச்சு வருந்தும், டயர் சூடேறி வெடிக்கக்கூடும், தடுப்பை அழுத்தியும் வண்டி உரிய தொலைவில் நில்லாது. பின்புறம் தாழ்ந்ததென்று காற்றுப் பைகள் பொருத்துவாரும் உளர். அவை வண்டியை நிமிர்த்துமேயன்றி, ஆக்கியோர் வகுத்த வரம்பை உயர்த்தா.

வாங்குவோர் கருதத்தக்கவை மூன்று. முதலாவது, வீட்டு வண்டியின் வெற்று எடையைக் கொள்ளாது, அதன் உச்ச எடையைக் கொள்க. தொட்டியில் 200 லிட்டர் நீர் நிரப்பினாலே 200 கிலோ ஏறிவிடும். இரண்டாவது, சுமைதிறனோடு பின்னச்சின் வரம்பு, டயர்களின் வரம்பு, இரு வண்டிகளுக்கும் சேர்த்து வகுத்த கூட்டெடை வரம்பு ஆகியவற்றையும் தனித்தனியே ஒப்பிடுக. ஒன்று மீறினும் பொருத்தம் இல்லை. மூன்றாவது, எடைமேடையில் நிறுத்துப் பார்க்க. மக்களும் பொருள்களும் இணைப்புக் கருவியும் உள்ள டிரக்கை முதலில் தனியே நிறுக்க. பின் வீட்டு வண்டியைப் பூட்டி, டிரக்கின் அச்சுகள்மேல் விழும் எடையை மட்டும் காண்க. இரண்டிற்கும் உள்ள வேறுபாடே உண்மையான முன்பாரம்.

பள்ளியில் கணக்குப் பிழைத்தால் மதிப்பெண் குறையும், அவ்வளவே. சாலையில் இக்கணக்குப் பிழைத்தால் உள்ளே அமர்ந்த மனைவி மக்களுக்கும், எதிரே வரும் அறியாதவர்க்கும் தீங்கு நேரும். ஆதலின் வீட்டு வண்டிக்கு முன்பணம் கொடுக்குமுன், டிரக்கின் கதவைத் திறந்து அச்சிறு சீட்டைப் படியுங்கள்.