நிலவில் மண் வெட்ட ஒரு முதுகலைப் படிப்பா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெட்டாலிங் ஜெயாவில் அண்ணன் வீட்டில் மதியச் சாப்பாடு. மீன் குழம்பு ஆறுவதற்குள் பேச்சு சூடாகிவிட்டது.

"அத்தை, நான் விண்வெளி வளத்துறையில மாஸ்டர்ஸ் பண்ணப் போறேன்" என்றான் அண்ணன் மகன். இயந்திரப் பொறியியல் கடைசி ஆண்டு மாணவன்.

"நிலாவுல மண்ணு வெட்டுற படிப்பாம். கேட்டியாம்மா?" என்றார் அண்ணன்.

அவர் சிரிக்கவில்லை. மகனுக்கு ஏற்கெனவே பி.டி.பி.டி.என். கடன் இருக்கிறது. வெளிநாட்டுப் படிப்பென்றால் இ.பி.எஃப். சேமிப்பில்தான் கைவைக்க வேண்டும். அண்ணன் பணி ஓய்வு பெற இன்னும் ஆறே ஆண்டுகள். "ரேடியோவுல நாலு விஷயம் பேசுறவ நீ. விசாரிச்சுச் சொல்லு" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்.

நான் ஊடகத்துறை படிக்கப் போனபோது அப்பாவும் இதே கேள்வியைக் கேட்டவர்தான்: "படிச்சுட்டு என்ன வேலைக்குப் போவ?" அதனால் மருமகனைச் சட்டென்று மறுக்க மனம் வரவில்லை. விசாரித்தேன்.

பூமியிலிருந்து ஒவ்வொரு கிலோவையும் ராக்கெட்டில் ஏற்றிச் செல்ல ஏராளமாகச் செலவாகும். போகிற இடத்திலேயே தண்ணீர், உயிர்வாயு, எரிபொருள் கிடைத்தால் அந்தச் செலவு குறையும். இந்தத் துறையின் அடிப்படையே இதுதான். தண்ணீரைப் பிரித்தால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கிடைக்கும். இரண்டும் சேர்ந்தால் ராக்கெட் எரிபொருள். நிலவின் மண்ணிலும் எடையில் 40 விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிஜன்தான், கனிமங்களோடு பிணைந்து கிடக்கிறது. செவ்வாயில் இதைச் சிறிய அளவில் செய்தும் பார்த்துவிட்டார்கள். நாசாவின் பெர்சவரன்ஸ் ஊர்தியில் இருந்த மாக்சி என்ற கருவி, அங்குள்ள கரியமில வாயுவிலிருந்து 2021 முதல் 2023 வரை மொத்தம் 122 கிராம் ஆக்சிஜன் தயாரித்தது.

இதை ஒரு பட்டப்படிப்பாகவே நடத்துவது அமெரிக்காவின் கொலராடோ சுரங்கப் பல்கலைக்கழகம். 1874-இல் தொடங்கிய பழைய சுரங்கக் கல்லூரி அது. 2018-இல் விண்வெளி வளங்களுக்கென்று சான்றிதழ், முதுகலை, முனைவர் என மூன்று நிலைகளிலும் படிப்பைத் தொடங்கியது. வளம் எங்கே இருக்கிறது, எப்படித் தோண்டுவது, எப்படிப் பிரிப்பது, செலவு கட்டுமா, சட்டம் என்ன சொல்கிறது என்பவைதான் பாடங்கள்.

யோசித்துப் பார்த்தால், நம் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு இது புதிய சங்கதி அல்ல. 1857-இல் ஈயம் தேடி வந்தவர்களால் உருவானதுதான் கோலாலம்பூர். பக்கத்திலுள்ள சன்வே, ஸ்ரீ கெம்பாங்கானின் மைன்ஸ் எல்லாம் பழைய ஈயச் சுரங்கங்களே.

தமிழருக்கும் இதில் பங்கு உண்டு. நிலவில் நீரின் தடயத்தைக் காட்டிய சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை. சந்திரயான்-3 நிலவில் இறங்கிய 2023 ஆகஸ்டு 23, நம் நேரப்படி இரவு மணி 8.34-ஐ நான் மறக்க மாட்டேன். அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல். ரயில்வே ஊழியரின் மகன். பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளோமாவில் தொடங்கி, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வரை படித்தவர்.

அந்த ஊர்திகளைச் சோதிக்க நிலவு மண் போன்ற மண் தேவைப்பட்டபோது, அது கிடைத்த இடம் நாமக்கல் மாவட்டம். சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதியில் உள்ள அனார்தோசைட் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் உதவியோடு அதைப் பொடியாக்கிப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். நிலவில் உருளும் சக்கரம் முதலில் உருண்டது நாமக்கல் மண்ணில்!

இதையெல்லாம் சொன்னதும் மருமகன் முகம் மலர்ந்தது. ஆனால் மறுபக்கத்தையும் சொல்லித்தானே ஆக வேண்டும்? இன்றுவரை நிலவில் யாரும் வணிக ரீதியில் சுரங்கம் நடத்தவில்லை. விண்கற்களில் சுரங்கம் என்று 2012-இல் பெரும் ஆரவாரத்தோடு அறிவித்த பிளானட்டரி ரிசோர்சஸ் நிறுவனம், பணத் தட்டுப்பாட்டில் சிக்கி 2018-இல் கைமாறிப் போனது. சட்டமும் இன்னும் தெளிவாகவில்லை. 1967-ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தப்படி எந்த நாடும் நிலவைச் சொந்தம் கொண்டாட முடியாது. தோண்டி எடுத்தது யாருக்குச் சொந்தம் என்பதில் நாடுகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. நம் நாட்டில் 2022-இல்தான் மலேசிய விண்வெளி வாரியச் சட்டம் வந்தது.

ஆக, இந்தப் படிப்பை மட்டுமே நம்பி இறங்கினால் ஆபத்து. கையில் ஒரு தொழில் இருந்து, அதன்மேல் இதைச் சேர்த்தால் பலம். துளையிடுதல், இயந்திர மனிதவியல், கனிமப் பிரிப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் பூமியிலும் வேலை இருக்கிறது. கொலராடோ படிப்பை வேலை பார்த்துக்கொண்டே இணையம் வழி படிக்கலாம். முதலில் சான்றிதழ், பிடித்தால் முதுகலை. செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்திலும், நிபோங் திபாலில் உள்ள அறிவியல் பல்கலைக்கழக வளாகத்திலும் விண்வெளிப் பொறியியல் துறைகள் உண்டு. அங்கேயும் விசாரிக்கலாம்.

போன வாரம் மறுபடியும் அதே மேசை. மருமகன் ஒரு சுரங்கப்பாதைக் கட்டுமான நிறுவனத்துக்கு வேலை விண்ணப்பம் அனுப்பியிருக்கிறான். இரண்டு ஆண்டு சம்பாதித்து, தன் பணத்திலேயே சான்றிதழ் படிப்பில் சேர்வதாக ஏற்பாடு.

அண்ணன் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "முதுகலைக்குப் பணம் பத்தலன்னா சொல்லுடா. இ.பி.எஃப்.ல கொஞ்சம் எடுக்கலாம்" என்றார்.

அண்ணி என்னைப் பார்த்தார். நான் அப்பளத்தைப் பார்த்தேன்.